மூன்றாவது மாடி

தன் வேலைக்குத் தானே ஆள் கூட்டிக்கொண்டு போய் விட்டவள் ஊரில் ஒருத்திதான் இருப்பாள் என்றால் அது சித்திதான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அப்படி என்ன பெரிய தப்பு செய்துவிட்டாள்? அக்கா மகளின் படிப்பு பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று ஒருத்தி முன்னால் போய் நின்று கேட்டாள். அவ்வளவுதான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை சித்திக்கு. மூன்றாவது மாடி முழுவதும் அவள் பொறுப்பு. கட்டியவன் இன்னொருத்தியோடு போன பிறகு ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள், வந்த மாதமே இந்த வேலையைப் பிடித்துவிட்டாள். அக்கா வீட்டிலிருந்தே துணி தைக்கிறவள், அத்தான் பஸ் ஓட்டுகிறவர். வீட்டு வாடகை சித்தியின் சம்பளத்திலிருந்து போனது. அதனால் அந்த வீட்டில் அவள் ஒண்ட வந்தவளாக இல்லை. அத்தான் சத்தம் போட்டால் திரும்பச் சத்தம் போடவும், முன்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொள்ளவும் அவளுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமைக்கு அடியில் இருந்தது மூன்றாவது மாடிதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே வேலை என்றால் சும்மா இல்லை. ஒருவர் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுப்பதற்கும் அடுத்தவர் வந்து கதவைத் திறப்பதற்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் சித்தியின் நேரம். அதற்குள் விரிப்பை உருவ வேண்டும், உறை மாற்ற வேண்டும், குளியலறையில் முட்டி போட்டுத் தண்ணீர் போகும் ஓட்டையில் சிக்கிய முடியை எடுக்க வேண்டும், கண்ணாடியில் ஒரு விரல் தடம் இல்லாமல் துடைக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். சேற்றுச் செருப்போடு கம்பளத்தில் நடந்து, ஈரத் துண்டை மெத்தையில் போட்டு, நனைந்த குடையை அலமாரிக்குள் சொருகி வைத்துவிட்டுப் போவார்கள் மகராசர்கள். சித்தி வாய்க்குள் திட்டிக்கொண்டே தேய்ப்பாள். திட்டினால்தான் அவளுக்குக் கை ஓடும்.

அக்காவுக்கு ஒரே மகள். பெயர் என்னவோ நீளமாகத்தான் வைத்தார்கள். வீட்டில் அவள் பாப்பா. காலேஜ் போகிற பெண்ணைத் தெருவில் வைத்துப் பாப்பா என்று கூப்பிடாதே என்று எத்தனை தடவை சொல்லியும் சித்தி கேட்டதில்லை. பாப்பா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தாள். கடைசி வருஷம் வந்தபோது பல்கலைக்கழகம் எல்லாப் படிப்புக்கும் பொதுவாக ஒரு புதுப் பாடத்தைக் கொண்டுவந்து நுழைத்தது. 'பணித்தகுதியும் சுயசிந்தனையும்' என்று அதற்குப் பெயர். கணக்குப் படிக்கிறவனோ கவிதை படிக்கிறவளோ, யாராக இருந்தாலும் ஒரு செமஸ்டர் எங்கேயாவது சம்பளமில்லாமல் வேலை பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பிறகு, அந்த வேலையால் தனக்குள்ளே என்ன மாற்றம் நடந்தது என்று யோசித்துக் கட்டுரை எழுத வேண்டும். இதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. சரி, வேலைக்கு இடமாவது அவர்கள் பார்த்துத் தருவார்களா என்றால், அதுவும் இல்லை. அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். தேடுவதும் ஒரு பயிற்சியாம். இப்படிச் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பாப்பா ஏறாத படி இல்லை. மீன்வள அலுவலகம், கால்நடை மருத்துவமனை, மருந்துக் கம்பெனி என்று அலைந்தாள். ஆள் தேவையில்லை என்று ஓரிடத்தில் சொன்னார்கள், அனுபவம் இருக்கிறதா என்று இன்னோரிடத்தில் கேட்டார்கள். அனுபவத்துக்குத்தானே வந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதற்குச் சிரித்தார்களாம். கடைசித் தேதி நெருங்க நெருங்கப் பெண் சரியாகச் சாப்பிடாமல் உருக ஆரம்பித்தாள். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். இதைப் பார்த்துக்கொண்டு சித்தியால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளே ஹோட்டல் சூப்பர்வைசர் அம்மா முன்னால் போய் நின்றாள்.

சம்பளம் வேண்டாமா என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டாள்.

"வேணாம்மா. கடைசியில கையெழுத்துப் போட்டு ஒரு சர்டிஃபிகேட் குடுத்தா போதும். பொண்ணு நல்ல சுறுசுறுப்பு. ரெண்டு ஆள் வேலையை ஒத்தையா செய்வா."

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாருக்காவது சிபாரிசுக்குப் போனால் சித்தி அரை மனதாகப் பேசமாட்டாள், தூக்கி வைத்துத்தான் பேசுவாள்.

விலங்கியல் படித்தவளுக்கு ஹோட்டல் அறையில் என்ன வேலை என்று பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது அத்தான்தான். கேட்டுவிட்டு, "படிச்ச படிப்புக்கு ஏத்த வேலைதான். அங்க கரப்பான் பூச்சிக்கு என்ன பஞ்சமா?" என்று அவரே பதிலும் சொன்னார். பாப்பாகூடச் சிரித்துவிட்டாள். அந்த வாரம் வீடே சிரித்துக்கொண்டிருந்தது. சித்தியும் பாப்பாவும் ஒரே குடையில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். லிஃப்ட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இது எங்க அக்கா பொண்ணு, பட்டம் வாங்கப் போறா என்று சித்தி சொல்லி மாய்ந்தாள்.

சம்பளமில்லாத ஆள் கிடைக்கிறது என்ற செய்தி சூப்பர்வைசரிடமிருந்து மேனேஜருக்குப் போயிற்று. மேனேஜர் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். இரண்டு பக்கமும் கைகுலுக்கி, போட்டோ எடுத்து, ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் பன்னிரண்டு மாணவர்கள். இடம் கிடைக்காமல் தவித்த பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டமாக வந்து இறங்கினார்கள். பாவம், பசங்க ஆர்வமா இருக்குங்க என்று சித்தி அவர்களுக்குத் தன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையெல்லாம் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை சித்தியையும், அவளைப் போலவே இரண்டாவது மாடியைப் பார்த்துவந்த நெட்டையையும், நாலாவது மாடியைப் பார்த்துவந்த மூக்குத்திக்காரியையும் சூப்பர்வைசர் கூப்பிட்டாள். நிர்வாகத்தில் சில மாற்றங்கள், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம், சீருடையைத் துவைத்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். வேலையைப் பிடுங்கிக்கொண்டு சீருடையைத் துவைத்து வேறு கொடுக்க வேண்டுமாம். சித்தி துவைத்துத்தான் கொடுத்தாள். மழையில் ஆள் வரத்து குறைந்துவிட்டது, கொஞ்ச நாளில் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் சொன்னாள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாப்பா வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. வீடெங்கும் கயிறு கட்டிக் காயாத துணிகள் தொங்கின. ஒரு ஈரப் பாவாடையை ஒதுக்கிவிட்டு அவள் சித்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"சித்தி, மூணாவது மாடியை எனக்குக் குடுத்துட்டாங்க."

சித்திக்கு உடனே விளங்கவில்லை. "உனக்குன்னா?"

"எனக்கும் என் கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும். ரெண்டாவது மாடியும் நாலாவது மாடியும் மத்தவங்களுக்கு. அதுக்குத்தான் உங்க மூணு பேரையும் நிறுத்தியிருக்காங்க. சூப்பர்வைசர் போன்ல பேசும்போது காதுல விழுந்துச்சு."

அக்கா குறுக்கே விழுந்து, சாப்பிடும்போது என்னடி பேச்சு என்று மகளை அதட்டினாள். யாரும் சாப்பிடவில்லை. சித்தி எழுந்து தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். ரெண்டு ஆள் வேலையை ஒத்தையா செய்வா என்று தான் சொன்ன சொல் அவள் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் முதலில் தன் மேலேயே கோபப்பட்டாள். நம் ஜனங்களுக்கு அதுதானே முதலில் வரும்.

நாளையிலிருந்து நான் போகமாட்டேன் என்று பாப்பா அழுதாள். சித்தி தொட்டி முன்னால் நின்றபடியே திரும்பாமல் பேசினாள்.

"போகாம என்ன பண்ணுவ? நீ போகலைன்னா நாளைக்கே உன் இடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா. எனக்கு வேலையும் போய், உனக்குப் பட்டமும் போய், ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? ஒழுங்கா போய் முடி."

பாப்பா போனாள். சித்தி வேறு ஹோட்டல்களுக்கு நடந்தாள். செய்தி அதற்குள் பரவியிருந்தது. எங்களுக்கும் ஸ்டூடன்ட்ஸ் வராங்க என்று ஒவ்வோரிடத்திலும் பெருமையாகச் சொன்னார்கள். ஏதோ அவர்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த மாதிரி. வீட்டில் கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள் சித்தி. அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாடகையை அவரே கொடுத்தார். அவர் சொல்லாததுதான் சித்தியைக் குத்தியது. ஒரு நாள் அவர் சத்தம் போட்டபோது இவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. தங்கச்சியின் சத்தம் கேட்காததால் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு எழுந்து வந்தாள்.

செமஸ்டர் கடைசியில் பாப்பா கட்டுரை எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள்: என் சித்தி எனக்கு இந்த இடத்தை வாங்கித் தந்தார், என்னைப் போன்றவர்கள் இலவசமாக வந்ததால் அவர் வேலை போயிற்று, அவர் இடத்தில் நான் வேலை பழகினேன். அந்தப் பாடத்தை நடத்துகிற விரிவுரையாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது புகார், சுயசிந்தனை அல்ல, இதில் 'நான்' எங்கே, உன்னிடம் ஏற்பட்ட வளர்ச்சி எங்கே என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நிறுவனத்தைப் பற்றி எதிர்மறையாக எழுதுவது பணித்தகுதிக் குறைவாம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி எழுதாவிட்டால் மதிப்பெண் பூஜ்யம்.

இதைக் கேட்டதும் சித்தி சேலையை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டாள். கட்டுரைக்காகப் போகவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது.

விரிவுரையாளர் இளம் வயதுக்காரர். மேஜை கொள்ளாத கட்டுரைகளுக்கு நடுவில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். மரியாதையாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சித்தி உட்காரவில்லை.

"சார், நீங்க அனுப்பின பிள்ளைங்களால எங்க மூணு பேருக்கு வேலை போச்சு. பிள்ளைங்களைத் திருப்பி எடுத்துக்குங்க. எனக்கு என் மாடி வேணும்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நாங்கள் அனுபவம் கொடுக்கத்தான் அனுப்புகிறோம், அவர்கள் யாரை நிறுத்துகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். பன்னெண்டு பேரைச் சும்மா வாங்கிக்கிறானே, இத்தனை நாள் அந்த வேலையை யார் செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. எத்தனை மாணவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தோம் என்றுதான் மேலே உள்ளவர்கள் தன்னைக் கேட்கிறார்கள் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். இந்த நாட்டில் எந்தப் பாவத்துக்கும் மேலே ஒருவர் இருந்துகொண்டேதான் இருக்கிறார். மேனேஜரிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அப்புறம் திடீரென்று முகம் தெளிந்து, உங்களைப் போல உழைத்தவர்கள் எங்கள் மாணவர்களிடம் வந்து பேச வேண்டும், அடுத்த செமஸ்டர் போகிறவர்களுக்கு உங்கள் பணி அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறீர்களா, சான்றிதழ் தருவோம் என்று கேட்டார்.

சித்திக்குக் கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் போல இருந்தது. ஆனால் மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னது காலைக் கட்டிவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவிடம், அவங்களுக்கு என்ன வேணுமோ அதை எழுதித் தொலை என்றாள். பொய்யை எப்படி எழுதுவது என்று பாப்பா கேட்டாள். "பொய்யின்னு உனக்கும் எனக்கும் தெரியுமில்ல, அது போதும். பட்டத்தை வாங்கிட்டு வா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் சித்தி. பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

புது செமஸ்டர் தொடங்கி, சித்தியைப் பேசக் கூப்பிட்ட நாளும் வந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஹோட்டலிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. வாசலிலேயே விரிவுரையாளரைப் பிடித்து, மேனேஜர்கிட்ட சொன்னீங்களா சார் என்று கேட்டாள். பேசிக்கொண்டிருக்கிறோம், சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மென்று விழுங்கினார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை என்றைக்கும் வெளியே வராது என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

வகுப்புக்குப் போகிற வழியில், சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில தாள்களை ஒட்டி வைத்திருந்தார்கள். சிறந்த சுயசிந்தனைக் கட்டுரைகள் என்று மேலே எழுதியிருந்தது. முதல் தாளில் பாப்பாவின் பெயர். கூட வந்த பாப்பா, வா சித்தி, நேரமாயிடுச்சு என்று கையைப் பிடித்து இழுத்தாள். சித்தி நகரவில்லை. எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தாள்.

'அனுபவம் மிக்க மூத்த பணியாளர் ஒருவர் தமது பொறுப்புகளை என்னிடம் ஒப்படைத்து வழிவிட்டார். அதன் மூலம் நான் தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும் பெற்றேன்.'

ஒப்படைத்தாராம். வழிவிட்டாராம். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, 'மிக ஆழமான சிந்தனை' என்று வேறு எழுதியிருந்தார்கள். பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சித்தி அவள் முதுகில் கையை வைத்து, நான்தானே எழுதச் சொன்னேன், நீ எதுக்கு அழற என்றாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வகுப்புக்குள் போனாள்.

உள்ளே அடுத்த பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் புது அட்டை. விரிவுரையாளர், உழைப்பின் உன்னதம் பற்றி இவர் பேசுவார் என்று அறிமுகம் செய்தார்.

"எனக்கு அதெல்லாம் பேசத் தெரியாது. நான் மூணாவது மாடி. உங்கள்ல யார் மூணாவது மாடிக்குப் போறீங்களோ, அது என் இடம். ரெண்டாவது மாடியும் நாலாவது மாடியும் என்கூட வேலை செஞ்சவங்களோடது. நீங்க ஒண்ணும் திருடல. எங்ககிட்டேருந்து பிடுங்கி உங்க கையில குடுத்திருக்காங்க. இப்ப எங்களுக்கும் சம்பளம் இல்ல, உங்களுக்கும் சம்பளம் இல்ல. அந்தச் சம்பளம் யார் வீட்டுக்குப் போச்சு? ஏதோ யோசிச்சு எழுதணுமாமே, அதை யோசிச்சு எழுதுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, அப்ப நாங்க என்ன பண்றது, போகலைன்னா எங்களுக்கு டிகிரி கிடையாதே என்றான். அவன் வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அது எனக்குத் தெரியலப்பா, உங்க சாரைக் கேளு என்றாள் சித்தி. எல்லாத் தலைகளும் விரிவுரையாளர் பக்கம் திரும்பின. அவர் கைதட்டினார். மிகவும் மனதைத் தொட்ட பகிர்வு என்றார். பிறகு, இந்த உரையிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டதைப் பத்து வரியில் எழுதிக் கொடுங்கள் என்றார். பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

சான்றிதழை வாங்காமல் சித்தி வெளியே வந்தாள். பாப்பாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். ஒல்லியான பெண், கையிலிருந்த பேனாவை மூடக்கூட இல்லை.

"ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. மூணாவது மாடி எனக்குத்தான் போட்டிருக்காங்க. நேரத்துக்கு முடிக்கலைன்னா கையெழுத்துப் போட மாட்டாங்களாம். எங்க வீட்ல நான்தான் முதல்ல காலேஜுக்கு வந்தவ. எந்த ரூம்லேருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும், அதை மட்டும் சொல்றீங்களா?"

சித்திக்குப் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த மாடியில் எது முதல், எது கடைசி என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பெண்ணுக்கும் பாப்பா வயதுதான். முகம் பயத்தில் வெளுத்திருந்தது. கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லி சித்திக்குப் பழக்கமில்லை.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல கண்ணு," என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் பேனாவோடு அப்படியே நின்றாள். சித்தி இன்னொரு தடவை, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே, சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.